அயர்லாந்துக் கொள்ளுத்தாத்தா கிடைக்கவில்லையா? எங்கே முட்டுகிறது என்று பாருங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருஷம் வில்லங்கம் தேடிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மகள் கட்டிக்கொண்டது பாஸ்டனில் பிறந்த ஐரிஷ் வம்சத்துப் பையனை. கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தியம்மாள் ஒரு பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்து, முதல் பக்கத்தில் இருந்த பெயரைக் காட்டினார். இவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். பெயர் ஜெரமையா சல்லிவன். கார்க் மாவட்டத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்.

மூன்று வருஷம் பிடித்தது. நான் முட்டிக்கொண்ட இடங்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும். முதலாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

அறிகுறி 1: எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் "அயர்லாந்து" என்றுதான் இருக்கிறது, ஊர் பெயர் இல்லை

பத்தில் ஒன்பது தேடல் சாவது இங்கேதான். எங்கள் அலுவலகத்துக்கு வந்து "முருகேசன் பேரில் ஏதாவது சொத்து இருக்கா பாருங்க" என்று கேட்பவரிடம் என்ன சொல்வோம்? சர்வே எண் கொண்டு வாங்க என்போம். அயர்லாந்தில் சர்வே எண்ணின் இடத்தில் இருப்பது டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் அல்ல. சில ஏக்கரிலிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் வரை பரப்புள்ள, தனிப் பெயர் கொண்ட நிலத்துண்டு. தீவு முழுக்க 60,000-க்கும் மேல் உண்டு. வரிக் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கு, பிறப்பு இறப்பு எல்லாம் அந்தப் பெயரில்தான் ஏறியிருக்கும். மாவட்டம் மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாத மாதிரிதான்.

டவுன்லேண்ட் பெயரை அயர்லாந்துப் பதிவுகளில் தேடாதீர்கள். ஆள் போய் இறங்கிய நாட்டில் தேடுங்கள். அமெரிக்கா என்றால், 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்ற ஒரு சொல்தான் இருக்கும், அதை நம்பி உட்கார வேண்டாம். கல்லறைக் கல், செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பு, கத்தோலிக்கக் கோயில் திருமணப் பதிவு, இந்த மூன்றும் மேல். நியூயார்க்கில் 1850-இல் தொடங்கிய எமிகிரன்ட் சேவிங்ஸ் பேங்க், கணக்கு வைத்தவர்களின் சொந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் விவரங்களைக் குறித்து வைத்தது. பாஸ்டன் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை "காணாமற்போனவர்" விளம்பரங்கள் போட்டது. எந்த ஊரிலிருந்து வந்தான், எந்த ஆண்டு கப்பலேறினான், கடைசியாக எங்கே வேலை பார்த்தான் என்று அண்ணன் தம்பியைத் தேடுபவர்கள் கொடுத்த விளம்பரம் அவை. படித்தால் வயிறு கலங்கும்.

இன்னொன்று: உங்கள் ஆளை மட்டும் துரத்தாதீர்கள். அக்கா முதலில் போவாள், சம்பாதித்துத் தம்பிக்குக் கப்பல் கூலி அனுப்புவாள், தம்பி பக்கத்து வீட்டுப் பையனை இழுத்துக்கொள்வான். கூட வந்தவர்கள் காகிதமும் உங்கள் காகிதம்தான். ஜெரமையாவின் பெயரில் எனக்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. அவருடைய தங்கையின் கல்லறைக் கல்லில் பங்கும் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) டவுன்லேண்டும் சேர்த்து வெட்டியிருந்தது.

பெயர் கிடைத்த பிறகும் சில பொறிகள் உண்டு. "குயின்ஸ்டவுனிலிருந்து வந்தார்" என்று குடும்பத்தில் சொல்வார்கள். அது கார்க் துறைமுகம், இன்றைய பெயர் கோவ். கப்பலேறிய இடம்தானே தவிர, பிறந்த ஊர் ஆகாது. கவுன்ட்டி என்றால் மாவட்டம்: கிங்ஸ் கவுன்ட்டி இன்று ஆஃபலி, குயின்ஸ் கவுன்ட்டி இன்று லீஷ். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவம் 1830-களில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைக்காரர்கள் நிலைநிறுத்தியது. ஊர்க்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, ஐரிஷ் இடப்பெயர்களுக்கான லோகன்ம் (logainm.ie) தளத்தில் ஒலியை வைத்துத் தேடுங்கள். கில்மோர் என்ற ஒரே பெயரில் எத்தனையோ இடங்கள் உண்டு. ஐரிஷில் அது சில இடத்தில் "பெரிய கோயில்", சில இடத்தில் "பெரிய காடு". பங்கின் பெயரும் கூட இருந்தால்தான் எது என்று பிரிக்க முடியும்.

அறிகுறி 2: 1901-க்கு முன்னால் மக்கள்தொகைக் கணக்கே காட்டவில்லை

தளத்தில் கோளாறு இல்லை. இல்லாததால் காட்டவில்லை. 1821, 1831, 1841, 1851 ஏடுகள் பெரும்பாலும் 1922 ஜூன் 30-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துப் பொதுப் பதிவகம் வெடித்து எரிந்ததில் போயின. 1861, 1871 ஏடுகளை அரசே கணக்கெடுத்த கொஞ்ச நாளில் அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கினார்கள். 1922-க்கு முன் எடுத்தவற்றில் 1901, 1911 மட்டும் முழுசாக நிற்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

ஆனால் எதற்கெடுத்தாலும் "1922-இல் எரிந்துவிட்டது" என்று கையை விரிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பிறப்பு, இறப்பு, திருமண அரசுப் பதிவுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குச் சாமியார்களிடமே இருந்தன. பெரிய அடி வாங்கியது சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற ஆங்கிலிக்கன் சபைக் குடும்பங்கள்தான். அவர்கள் பதிவேடுகளில் பெரும்பகுதி அங்கே வைக்கப்பட்டிருந்தது. எரிந்தவற்றின் பிரதிகளைத் திரட்டி வர்ச்சுவல் ரெக்கார்ட் டிரெஷரி என்ற தளம் 2022-இல் திறந்தது. அங்கே ஒரு முறை பெயரைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி 3: பிறப்புச் சான்று இல்லவே இல்லை

ஆண்டைப் பாருங்கள். எல்லாருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவும் கத்தோலிக்கத் திருமணப் பதிவும் தொடங்கியது 1864 ஜனவரி 1. மற்ற சபையார் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதல். நம் கால்டுவெல் 1814-இல் ஆன்ட்ரிம் மாவட்டம் கிளாடியில் பிறந்தவர். அவருக்கும் அரசுப் பிறப்புச் சான்று கிடையாது, கோயில் ஏட்டைத்தான் தேட வேண்டும். 1864-க்குப் பிறகும் முதல் சில ஆண்டுகளில் பலர் பதியாமலே விட்டார்கள்.

பதிவு மாவட்டங்கள் ஏழைகள் நல ஒன்றிய எல்லைப்படி போடப்பட்டவை. அத்லோன் பதிவு மாவட்டம் ராஸ்காமன், வெஸ்ட்மீத் என்ற இரண்டு கவுன்ட்டியிலும் கால் வைத்திருக்கும். அதனால் கவுன்ட்டி பெயரை வைத்து வடிகட்டினால் ஆள் நழுவிவிடுவார். ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 கடந்த திருமணம், 50 கடந்த இறப்பு எல்லாம் பெரும்பாலும் ஏட்டின் படத்தோடு இலவசம்.

அறிகுறி 4: வயசு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை

1901-இல் 54, 1911-இல் 70. பத்து வருஷத்தில் பதினாறு வயது கூடியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது வேறு ஆள் என்று தள்ளிவிட்டேன். அதே ஆள்தான்.

காரணம் ஓய்வூதியம். 1908-இல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் 70 வயது ஆன ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. அன்றைக்கு 70 ஆனவர் 1839 அல்லது அதற்கு முன் பிறந்தவர். பதிவு தொடங்கியதோ 1864. சான்று எங்கே இருக்கும்? ஆகவே "பெருங்காற்று அடித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா" என்று கேட்கத் தொடங்கினார்கள். 1839 ஜனவரி 6 இரவு தீவையே புரட்டிப்போட்ட புயல் அது. ஞாபகம் இருந்தால் பணம் என்ற பிறகு ஞாபகம் வராமல் போகுமா? அந்தப் புயல் ஓய்ந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவர்களுக்கும் வந்தது. இவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பலருக்குத் தங்கள் வயது நிஜமாகவே தெரியாது.

செய்ய வேண்டியது: வயதானவர்களுக்கு 1911-ஐ விட 1901-ஐ நம்புங்கள், இரண்டையும் விட இளவயதுக் காகிதத்தை நம்புங்கள். பெரியவர் யாராக இருந்தாலும் முன்னும் பின்னும் பத்து ஆண்டு விட்டுத் தேடுங்கள்.

இதே ஓய்வூதியம் நமக்கு ஒரு புதையலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சான்று இல்லாதவர்கள், 1841, 1851 கணக்கில் என் பெயர் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். அப்போது ஏடுகள் எரியவில்லை. எழுத்தர்கள் தேடி, கண்டதை அந்த மனுவிலேயே எழுதினார்கள். மனுக்கள் பிழைத்துக்கொண்டன. பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், அன்றைய வயது எல்லாம் எரிந்த ஏட்டிலிருந்து எடுத்த ஒரு வரியாக அதில் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆள் கப்பலேறியிருந்தாலும், ஊரில் தங்கிவிட்ட அவர் அண்ணனோ அக்காளோ மனுக் கொடுத்திருக்கலாம்.

ஒரு குட்டி அறிகுறி இதோடு சேரும்: பிறந்த தேதிக்கு முன்னாலேயே ஞானஸ்நானம் நடந்திருக்கும். பதிவுக்குக் கெடு தாண்டினால் அபராதம். தாமதமாகப் போன தகப்பன் பிறந்த நாளைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவான். சாமியார் எழுதிய தேதிதான் சரி.

அறிகுறி 5: பெயர் காகிதத்துக்குக் காகிதம் மாறுகிறது

நம்மூர்க் கத்தோலிக்கர் வீட்டில் பீட்டர்தான் இராயப்பன், ஜான்தான் அருளப்பன், ஜேம்ஸ்தான் சந்தியாகு. தெரியாதவர் மூன்றும் வேறு ஆள் என்பார். அயர்லாந்தில் இதே கதை, இன்னும் குழப்பமாக. டியர்முயிட் என்ற ஐரிஷ் பெயர் ஆங்கிலத்தில் ஜெரமையா, டார்பி, டெர்மட். டைக் என்பது டிமோத்தி. கொனகர் என்பது கொர்னீலியஸ். கார்க், கெரி பக்கத்து கொப்னெட் என்ற பெண் பெயர் அபிகாயில் ஆகும், டெபோரா ஆகும். அர்த்தத்தில் சம்பந்தம் தேடாதீர்கள், இருக்காது. ஹொனோரா நோரா ஆவாள், ஹனோரா ஆவாள். பிரிஜெட் ஊரில் பிட்டி, அமெரிக்கா போனதும் டெலியா. அங்கே பிட்டி என்றாலே வேலைக்காரி என்று கேலி செய்தார்கள், அதனால் பெயரையே உதறினார்கள்.

குடும்பப் பெயரில் "ஓ", "மெக்" முன்னொட்டுகள் விழும், எழும். தகப்பன் சல்லிவன், மகன் ஓ'சல்லிவன், ஐரிஷ் மொழி உணர்வுள்ள பேரன் 1911 படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பியிருப்பான். மகள்களுக்கு அந்த முன்னொட்டு "நீ", "நிக்" என்று மாறும். சில பெயர்களை மொழிபெயர்த்தே விட்டார்கள். மெக் கவன் என்றால் கொல்லன் மகன், கேவன் மாவட்டத்தில் பல குடும்பங்கள் ஸ்மித் ஆகிவிட்டன. பிராடன் என்றால் சால்மன் மீன். ஓ பிராடன் குடும்பம் சால்மன் என்றும் ஃபிஷர் என்றும் பதிவில் ஏறியது.

"எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றிவிட்டான்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த இடம் அது. அங்கே இருந்தவர்கள் கப்பல் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். அந்தப் பட்டியல் ஏறிய துறைமுகத்தில் எழுதியது. தவிரவும் எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1-இல். பஞ்சத்துக்குத் தப்பி 1847-இல் போனவர் அந்தப் பக்கம் போயிருக்கவே முடியாது.

தீர்வு எளிது: குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, டவுன்லேண்டைத் திறந்து வீடு வீடாகப் படியுங்கள். இருபது முப்பது வீடுதான் இருக்கும். எழுத்துப் பெயர்த்தவர் செய்த பிழையும் இதில் தானாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி 6: ஒரே பெயரில் நாலு பேர் நிற்கிறார்கள்

இதில் நான் நாலு மாதம் தொலைத்தேன். ஒரே பங்கில், மூன்று ஆண்டு வித்தியாசத்தில், தகப்பன் பெயரும் ஒன்றாக இரண்டு ஜெரமையா சல்லிவன். ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் வம்சத்தையே எழுதி முடித்துவிட்டேன். பிறகு பாஸ்டன் இறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வேறாக இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

சாவி அங்கேதான். ஞானஸ்நான ஏட்டில் சாமியார்கள் தாயைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவார்கள், அரசுப் பிறப்புப் பதிவிலும் அப்படியே. ஆளைத் தேடாமல் ஜோடியைத் தேடுங்கள். தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டும் சேர்ந்து வரும் எல்லாப் பிள்ளைகளையும் முதலில் திரட்டுங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் மாமன், சித்தி, பக்கத்து வீட்டார்.

அடுத்து, பெயர் வைக்கும் முறை. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாயைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டி பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான் என்று தெரிந்த நமக்கு இது புதிதல்ல. சட்டமாக எடுக்க வேண்டாம், துப்பாக எடுங்கள். ஒரு வீட்டில் இரண்டு முறை டேனியல் வந்தால் முதல் டேனியல் இறந்துவிட்டான் என்று பெரும்பாலும் அர்த்தம். தாத்தா பெயர் விட்டுப் போகக்கூடாதே என்று அடுத்தவனுக்கு வைத்திருப்பார்கள்.

1911 படிவத்தில் மணமான பெண்ணிடம் கூடுதலாக மூன்று கேள்வி கேட்டார்கள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்தது எத்தனை பிள்ளை, இப்போது இருப்பது எத்தனை. நீங்கள் திரட்டிய பட்டியலில் ஏழு பிள்ளை, படிவத்தில் ஒன்பது என்றால் இருவரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கப்பலேறிய பிள்ளையும் "இப்போது இருப்பது" கணக்கில் வருவான்.

அறிகுறி 7: பங்கு ஏட்டைத் திறந்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை

1880 வரையிலான கத்தோலிக்க ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் படங்களாக இணையத்தில் வைத்தது. அந்தத் தளத்தில் பெயர் அகரவரிசை கிடையாது, பக்கம் புரட்ட வேண்டும். பல ஏடுகள் லத்தீனில். பயப்படாதீர்கள், ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். "பாப்டிசாவி யோவான்னெம், யாக்கோபி எத் ஹொனோரே" என்று இருந்தால்: ஞானஸ்நானம் கொடுத்தேன், ஜானுக்கு, ஜேம்ஸ் மற்றும் ஹொனோராவின் பிள்ளை. நம் வேற்றுமை உருபு மாதிரி பெயரின் வால் மாறும், அவ்வளவுதான். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஏட்டைப் பின்னாலிருந்து, கையெழுத்து தெளிவாக உள்ள பக்கத்தில் தொடங்கி முன்னுக்குப் போங்கள். அந்தச் சாமியாரின் கொக்கிகள் பழகிவிடும்.

ஏடு 1830-இல்தான் தொடங்குகிறது என்றால் அதற்கு முன் வழி குறைவு. 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகத்தில் நிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டும் இருக்கும். சாதாரணக் குத்தகை விவசாயி குடும்பம் பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரம் 1014-இல் செத்த பிரையன் போரு மன்னர் வரை போனால் ரசித்துவிட்டு மூடிவையுங்கள்.

அறிகுறி 8: ஆள் மெட்ராஸ் பட்டாளத்தில் இருந்தவர், அதற்கு முன் ஒன்றும் தெரியவில்லை

சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் கேள்வி இது. கம்பெனிப் பட்டாளத்தில் ஐரிஷ்காரர் ஏராளம். மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவே பின்னாளில் பெயர் மாறி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் மாகாணக் கோயில் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. பிபிஸ் என்ற தன்னார்வத் தளத்தில் இலவச அட்டவணை உண்டு. ஆனால் திருமணப் பதிவு ஊரைச் சொல்லாது. ராணுவக் காகிதம் சொல்லும். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓய்வூதியம் பெற்றவர் என்றால் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசை. அதில் இன்ன பங்கு, இன்ன நகருக்கு அருகில், இன்ன மாவட்டம் என்று பிறந்த இடம் எழுதியிருக்கும்.

அறிகுறி 9: கிரிஃபித் மதிப்பீட்டில் ஆள் இருக்கிறார், அதன்பின் காணவில்லை

ரிச்சர்ட் கிரிஃபித் 1847 முதல் 1864 வரை நடத்திய நிலவரி மதிப்பீடு. யார் பயிர் வைத்தார், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், வீடு உண்டா என்று இருக்கும். மனைவி மக்கள் பெயர் இராது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம். ஒரே டவுன்லேண்டில் இரண்டு சல்லிவன் என்றால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரையோ "சிவப்பன்" என்கிற மாதிரிப் பட்டப்பெயரையோ போட்டிருப்பார்கள். அந்த அடைப்புக்குறி பொன்.

அச்சிட்ட மதிப்பீட்டோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் கைமாற்றம் நடக்க நடக்க அலுவலகத்தில் திருத்தப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள், எங்கள் பட்டா மாறுதல் மாதிரியே. பழைய பெயரை அடித்து, புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டு போடுவார்கள். வட அயர்லாந்துப் புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட் பொதுப் பதிவகத் தளத்தில் இருக்கின்றன, மற்றவற்றுக்கு டப்ளினில் கேட்டுப் பிரதி வாங்க வேண்டும்.

எனக்கு வந்த பிரதியில் ஜெரமையாவின் தகப்பன் பெயர் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, வேறு மையில், ஹொனோரா சல்லிவன். விதவை பெயருக்கு மாறிவிட்டது. ஓரத்தில் 71 என்று சின்னதாக எழுதியிருந்தது. ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் 1870, 1871 இறப்புகளைத் திறந்தேன். மூன்றாவது பக்கத்தில் கிடைத்தார்.